நீல நிறத்தில் கூடுதலாகப் போன 540 பேக்: ஒரு ஏற்றுமதி ஆர்டரின் எண்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. மேசை விரிப்பு, ஏப்ரன், கிச்சன் டவல் ஆகியவையே அந்த நிறுவனத்தின் முக்கியச் சரக்குகள். சொந்தத் தறிகள் சில இருந்தாலும் பெரும்பகுதி நெசவு வெளியே கூலிக்குத்தான் நடக்கும். அலுவலகத்தில் உரிமையாளருடன் நால்வர் மட்டுமே: வாங்குபவர்களுடன் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கும் எழுத்தர், கணக்கர். உரிமையாளர் இத்தொழிலுக்கு வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் துணியை மீட்டர் கணக்கில் ஏற்றுமதி செய்தவர் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். பின்னால் எடுத்த ஒரு முடிவுக்கு அந்த அனுபவமே காரணமாயிற்று.

ஜெர்மனியைச் சேர்ந்த வாங்குபவர் ஒருவர் கட்டம் போட்ட பருத்தி டவல்களுக்கு ஆர்டர் தந்தார். அளவு 50 செ.மீ. × 70 செ.மீ.; மூன்று டவல் ஒரு பேக்; நான்கு நிறங்கள், நிறத்துக்கு 4,500 பேக் வீதம் மொத்தம் 18,000 பேக்; ஒரு பேக் 1.95 யூரோ, மொத்த மதிப்பு 35,100 யூரோ. வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) மூலம் பணம் பெறுவது என்று முடிவானது. எல்.சி. வியாபாரத்தில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. காகிதத்தில் உள்ள எண்ணும் எல்.சி.யில் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டால், சரக்கு எவ்வளவு தரமாக இருந்தாலும் பணம் நின்றுவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, அந்த ஆர்டரின் கடிதங்கள் முழுவதையும் படித்துத் தவறு எங்கே தொடங்கியது என்று எழுதித் தருமாறு நிறுவனம் என்னைக் கேட்டுக்கொண்டது. அந்தக் குறிப்பையே, நிறுவனத்தையும் மனிதர்களையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கி, இங்கே தருகிறேன்.

தொடக்கக் கடிதங்கள்

முதலில் என் கண்ணில் பட்டது புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறிக்கிடந்ததுதான். ஜெர்மன் வழக்கில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள். ஆகவே வாங்குபவர் 18.000 என்றும் 1,95 என்றும் எழுதினார். நம்மவர்கள் அதே மின்னஞ்சல் தொடரில் 18,000 என்றும் 1.95 என்றும் பதில் எழுதினார்கள். பேக்கிங் குறிப்பில் ஒரு பெட்டியின் எடை 15,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அவர் சொல்ல வந்தது 15 கிலோ. ஒரு பெட்டிக்கு 60 பேக் வைத்தால் துணியின் எடையே 12.6 கிலோ என்று அறிந்த பேக்கிங் மேற்பார்வையாளர் அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டு 15 கிலோ என்றே எடுத்துக்கொண்டார்.

நான் தேடிக்கொண்டிருந்த தவறு இங்கேதான் இருக்கும் என்று முதலில் எண்ணினேன். இல்லை. எண்ணைத் தவறாகப் படித்தால் அபத்தமான பொருள் வரும் இடங்களில் படிப்பவரே விழித்துக்கொள்கிறார். பதினைந்தாயிரம் கிலோ டவலை ஒரே அட்டைப்பெட்டியில் யாரும் அடைக்கப் போவதில்லை. உண்மையான சேதம் 18,000க்கும் 18,540க்கும் இடையில் நிகழ்ந்தது. அந்த இரண்டு எண்களில் எதைப் பார்த்தும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

புரோஃபார்மாவில் விடுபட்டது

நெசவில் எண்ணிக்கை துல்லியமாக வராது. சாயத்தில் கொஞ்சம், தறியில் கொஞ்சம், தரம் பிரிக்கும்போது கொஞ்சம் என்று கழியும். அந்தக் கழிவுக்கு இடம்விட்டு நூலைக் கூடுதலாக எடுப்பார்கள். கழிவு குறைந்தால் சரக்கு மிகும். ஆகவே உரிமையாளர் தொலைபேசியில் 5 சதவீதம் கூடக் குறைய அனுப்ப அனுமதி கேட்டார். வாங்குபவர் சம்மதித்தார். மெர்ச்சண்டைசர் அன்றே அதை மின்னஞ்சலில் உறுதிசெய்து எழுதினார், வாங்குபவரும் சரி என்று ஒரு வரியில் பதில் தந்தார். இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

அடுத்து மெர்ச்சண்டைசர் தயாரித்த புரோஃபார்மா இன்வாய்ஸில், அதாவது சரக்கை அனுப்பும் முன் எண்ணிக்கையும் விலையும் காட்டி வாங்குபவருக்குத் தரும் முன்விலைப் பட்டியலில், அந்த 5 சதவீதம் இல்லை. மறதி என்றுதான் நிறுவனத்தில் எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படியே ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய கணினியில் அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. எண்ணிக்கைக் கட்டத்தில் உள்ள எண்ணை விலையால் பெருக்கித் தொகையைத் தானே காட்டும்படி அந்த எக்செல் படிவம் அமைக்கப்பட்டிருந்தது. கட்டத்தில் 18,000 என்பதோடு ‘5 சதவீதம் கூட்டியோ குறைத்தோ’ என்று சேர்த்து எழுதினால் கணக்கு உடைந்து பிழைச் செய்தி வரும். அவர் முதலில் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறார். பிழை வந்ததும் அழித்துவிட்டு வெறும் எண்ணை இட்டிருக்கிறார். அடியில் உள்ள குறிப்புப் பகுதியில் எழுதலாம் என்றால் அங்கே வங்கி விவரங்கள் இடத்தை நிரப்பியிருந்தன. படிவமே எண்ணை மட்டும் ஏற்று அதன் நிபந்தனையை வெளியே தள்ளியிருக்கிறது. முந்தைய ஆர்டர்களின் புரோஃபார்மாக்களைப் பார்த்தேன். அவற்றிலும் எங்குமே சதவீதம் இல்லை. அப்போதெல்லாம் சரக்கு மிகவில்லை, அவ்வளவுதான்.

எல்.சி. வந்தபோது

வாங்குபவரின் வங்கி புரோஃபார்மாவைப் பார்த்து எல்.சி.யைத் திறந்தது. வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் இவ்வகை எல்.சி. எம்.டி. 700 என்ற செய்தி வடிவில் வரும். அதில் தொகைக்கான 32பி புலத்தில் தசமக் குறி எப்போதும் காற்புள்ளியே. ஆயிரத்தைப் பிரிக்க எதுவும் இராது. தசமத்துக்குப் பின் எண் இல்லாவிட்டாலும் காற்புள்ளி நிற்கும். ஆகவே 35100, என்று வால் முளைத்ததுபோல் ஒரு தொகை வந்தது. தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கங்களாக ஒட்டி வந்தன. தொகையில் கூடக் குறைய அனுமதி உண்டா என்று சொல்லும் 39ஏ புலம் அந்தச் செய்தியில் இல்லவே இல்லை. சரக்கை விவரிக்கும் 45ஏ புலத்தில் 18000 பேக் என்று மட்டும் இருந்தது.

எழுத்தர் கவனமானவர். எல்.சி.யையும் புரோஃபார்மாவையும் அருகருகே வைத்து, பெயர், தொகை, எண்ணிக்கை, துறைமுகம், கடைசி ஏற்றுமதித் தேதி என்று ஒவ்வொன்றாகப் பேனாவால் குறியிட்டுச் சரிபார்த்திருக்கிறார். இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும், ஒன்றைப் பார்த்துத்தானே மற்றது எழுதப்பட்டது? குறை மூலத்திலேயே இருந்ததால் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அது தெரியவில்லை. மின்னஞ்சலில் இருந்த 5 சதவீத ஒப்புதல் எழுத்தரின் மேசைக்கு வந்து சேரவே இல்லை.

நீலம் மிகுந்தது

நீல நூலுக்கான கழிவைச் சற்று அதிகமாகவே மதிப்பிட்டிருந்தார்கள்; சாயப்பட்டறையில் அந்த முறை கழிவு குறைவாக இருந்தது. நெய்து முடிந்தபோது மற்ற மூன்று நிறங்களும் 4,500 பேக்கிலேயே நிற்க, நீலம் மட்டும் 5,040 பேக்காக வந்தது. மிகுதி 540 பேக், அதாவது 1,620 டவல், ஏறக்குறைய 113 கிலோ துணி. ஒரு குறிப்பிட்ட சாயலில் மிஞ்சிய சரக்குக்கு உள்ளூரில் வாங்க ஆள் இல்லை. அனுப்பிவிடலாம் என்று நினைத்ததில் வியாபார நியாயம் இருந்தது. மொத்தக் கணக்கில் பார்த்தால் 540 என்பது 18,000இல் 3 சதவீதம், பேசியதோ 5.

பெட்டிகள் 300 என்று இருக்க வேண்டியது 309 ஆனதைப் பார்த்த எழுத்தர் உரிமையாளரிடம் சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார். “எல்.சி.ல 18,000னுதானுங்க சார் இருக்குது” என்றதற்கு, “அஞ்சு பர்சண்ட் வரைக்கும் பேங்க்ல விட்ருவாங்கப்பா, ரூலே இருக்குது” என்று பதில் வந்தது.

அந்த விதி கற்பனையல்ல. எல்.சி.களை ஆளும் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பை சர்வதேச வர்த்தக சபை வெளியிட்டது. 2007 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன் 30ஆம் பிரிவு, எல்.சி.யில் தனியாக எதுவும் சொல்லாவிட்டாலும் சரக்கின் அளவில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: அளவு இத்தனை பொதி அல்லது இத்தனை உருப்படி என்று எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டிருக்கக் கூடாது; கோரும் பணம் எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது. மீட்டர் கணக்கில் துணி விற்ற காலத்தில் உரிமையாளருக்கு இந்த விதி உதவியிருக்கிறது, ஏனெனில் மீட்டர் என்பது எண்ணிக்கை அல்ல, நீள அளவு. டவலைப் பேக் கணக்கில் விற்கத் தொடங்கியபோது அவருடைய நினைவில் 5 என்ற எண் மட்டும் தங்கியது. அது எந்த அலகுக்குப் பொருந்தும் என்பது தங்கவில்லை. கரூரில் இதே 5 சதவீதத்தை இதே அரைகுறை வடிவில் வேறு சிலர் சொல்லியும் நான் கேட்டிருக்கிறேன்.

309 பெட்டிகளும் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறின. இன்வாய்ஸ் 18,540 பேக்குக்கு 36,153 யூரோ என்று எழுதப்பட்டது.

வங்கி மேசையில்

ஆவணங்களைப் பார்த்த உள்ளூர் வங்கி அதிகாரி இரண்டு குறைகளைச் சுட்டினார். முதலாவது சிறியது, ஆனால் சொல்லத் தகுந்தது. பணம் கோரும் மாற்றுச்சீட்டில் தொகை இலக்கத்தில் 36,153 என்றும் எழுத்தில் முப்பத்தைந்தாயிரத்து நூறு என்றும் இருந்தது. எல்.சி. வந்த நாளிலேயே தயாரித்து வைத்த படிவத்தில் இலக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே தொகை. திருத்தாமல் விட்டிருந்தால் அந்தத் தாள் 35,100 யூரோவை மட்டுமே கேட்டிருக்கும்.

இரண்டாவது குறை பெரியது. எல்.சி. 18,000 பேக் என்கிறது, ஆவணங்கள் 18,540 என்கின்றன. விதியில் உள்ள 5 சதவீதம் பேக்குக்குப் பொருந்தாது. தொகையும் 1,053 யூரோ மிகுதி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கப்பலேறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆவணங்களைச் சமர்ப்பித்தாக வேண்டும். அவற்றில் 6 நாட்கள் கழிந்திருந்தன. மூன்று வழிகள் பேசப்பட்டன.

இன்வாய்ஸையும் பேக்கிங் பட்டியலையும் 18,000 என்று மாற்றி எழுதிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சுங்கத்துக்குத் தந்த ஷிப்பிங் பில்லிலும், கப்பல் நிறுவனம் தந்த பில் ஆஃப் லேடிங்கிலும் 309 பெட்டிகள் என்று பதிவாகிவிட்டது. உண்மைக்கு மாறான இன்வாய்ஸ் என்பதோடு, ஒரு தாளோடு மறு தாள் மோதும் புதிய முரண்பாட்டையும் அது உண்டாக்கியிருக்கும். உரிமையாளர் இதை உடனே மறுத்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு இதுதான் என்று கருதுகிறேன்.

எல்.சி.யையே திருத்தும்படி கேட்பது அடுத்த வழி. ஆனால் சரக்கு கடலில் இருக்கும்போது கேட்கும் திருத்தத்துக்கு வாங்குபவர் இணங்குவாரா, இணங்கினாலும் மீதமுள்ள நாட்களுக்குள் அது வந்துசேருமா என்பதற்கு உறுதியில்லை.

கடைசியில் தேர்ந்தது மூன்றாவது வழி. இன்வாய்ஸில் 18,540 பேக் என்ற உண்மை எண்ணிக்கையைக் காட்டி, எல்.சி.யின் கீழ் 35,100 யூரோவை மட்டும் கோரி, மீதி 1,053 யூரோவைத் தனியாகத் தீர்த்துக்கொள்வதாக எழுதுவது. எண்ணிக்கை எல்.சி.யோடு பொருந்தாததை மறைக்காமல், வாங்குபவர் அதைப் பொறுத்துக்கொள்ளும்படி அவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவது. தொகை மிகுதி இதனால் நீங்கியது. மாற்றுச்சீட்டில் மாற்றாமல் விட்ட எழுத்துத் தொகையே கடைசியில் சரியான தொகையாயிற்று என்பது இதில் ஒரு வேடிக்கை.

விளைவு

வாங்குபவரின் வங்கி, விதி தரும் 5 வங்கி வேலைநாட்களுக்குள், எண்ணிக்கை பொருந்தாததால் ஆவணங்களை ஏற்கவில்லை என்று அறிவித்தது. இது எதிர்பார்த்ததே. வாங்குபவரின் பதில்தான் எதிர்பாராதது. பழைய மின்னஞ்சலைக் காட்டி, 5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டீர்களே என்று மெர்ச்சண்டைசர் நினைவூட்டியிருந்தார். வாங்குபவர் அதை மறுக்கவில்லை. நான்கு நிறங்களையும் சம அளவில் கடைகளுக்குப் பிரித்து அனுப்பும் திட்டம் தம்முடையது என்றும், 5 சதவீதம் என்பதைத் தாம் ஒவ்வொரு நிறத்துக்கும் உரியதாகவே எடுத்துக்கொண்டதாகவும், நீலத்தில் 4,500க்கு 540 என்பது 12 சதவீதம் என்றும் எழுதினார்.

இந்த வரியைப் படித்த பிறகுதான் என் ஆய்வின் போக்கே மாறியது. அதுவரை, புரோஃபார்மாவில் ‘5 சதவீதம்’ என்ற இரண்டு சொற்கள் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று எழுதி வைத்திருந்தேன். அது தவறு. வங்கித் தடை நீங்கியிருக்கும், சண்டை நீங்கியிருக்காது. எதன்மேல் 5 சதவீதம் என்று தொலைபேசியிலும் பேசவில்லை, மின்னஞ்சலிலும் எழுதவில்லை. மொத்தத்தின்மேல் என்று ஒருவரும், நிறத்தின்மேல் என்று மற்றவரும் நினைத்துக்கொண்டு, இருவரும் நேர்மையாக ‘சரி’ சொல்லியிருக்கிறார்கள்.

பேச்சுவார்த்தை நீண்டது. 18,000 பேக்குக்கு முழு விலையும், மிகுதியான 540 பேக்குக்குப் பாதி விலையும் தருவதாக வாங்குபவர் சொல்ல, நிறுவனம் ஒப்புக்கொண்டது. திருப்பி வரவழைக்கும் செலவை நினைத்தால் வேறு வழியும் இல்லை. எல்.சி. தொகை, ஆவணங்கள் பொருந்தாததற்காக வங்கி பிடிக்கும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு வந்தது, 526.50 யூரோ தனியாகப் பின்னர் வந்தது. நேரடி இழப்பு இன்னொரு 526.50 யூரோவும் அந்தக் கட்டணமும், பணம் தாமதமான நாட்களுக்குப் பேக்கிங் கிரெடிட்டில் (ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கி முன்கூட்டித் தரும் கடனில்) ஏறிய வட்டியும். தொகையாகப் பார்த்தால் நிறுவனம் தாங்கக்கூடியதுதான்.

மாற்றியவை

புரோஃபார்மா படிவம் முதலில் மாற்றப்பட்டது. எண்ணிக்கைக் கட்டம் நான்காகப் பிரிக்கப்பட்டது: எண், அலகு, குறைந்த எல்லை, உயர்ந்த எல்லை. இப்போது சதவீதத்தை எழுதிவிட்டு நிறுத்துவதில்லை. நிறத்துக்கு 4,500 பேக், குறைந்தது 4,275, மிகுந்தால் 4,725. மொத்தம் 17,100 முதல் 18,900 வரை. தொகை 33,345 முதல் 36,855 யூரோ வரை என்று எல்லைகளையே எண்ணாக எழுதுகிறார்கள். படிப்பவர் எதையும் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. எதன்மேல் சதவீதம் என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை.

‘சுமார்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமே என்று கணக்கர் கேட்டார். யு.சி.பி. 600இல் ‘சுமார்’, ‘ஏறத்தாழ’ என்பவற்றுக்குப் பொருளும் உண்டு: அச்சொல் எந்த எண்ணைச் சார்ந்து நிற்கிறதோ அதில் 10 சதவீதம் வரை கூடக் குறைய அனுமதி. ஆனால் எண்ணிக்கைக்கு முன்னால் எழுதிய ‘சுமார்’ தொகைக்குச் செல்லாது, விலைக்கும் செல்லாது. பேச்சில் ‘சுமார்’ என்றால் ஆளுக்கொரு பொருள், வங்கியிலோ ஒரே பொருள். அந்தச் சொல்லை எண்களுக்கு அருகில் விடவேண்டாம் என்றே நான் பரிந்துரைத்தேன்.

புள்ளி, காற்புள்ளி விவகாரத்தில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. ஐரோப்பிய வாங்குபவர்களுக்கு எழுதும்போது ஆயிரத்தை இடைவெளியால் பிரிப்பது, தசமத்துக்குப் புள்ளி இட்டு அதற்குப் பின் இரண்டு இலக்கம் கட்டாயமாக எழுதுவது என்று முடிவானது: 35 100.00 யூரோ. முதல் கடிதத்திலேயே 35 ஒரு வரியின் இறுதியிலும் 100.00 அடுத்த வரியின் தொடக்கத்திலுமாக உடைந்து அச்சானது. வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உடையாத இடைவெளி விழும் என்று கற்றபின் அது நின்றது. உள்ளூர் ரூபாய்க் கணக்குகள் லட்சம், கோடிப் பிரிப்பிலேயே தொடர்கின்றன. அவற்றை மாற்ற யாரும் விரும்பவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதுகிறார்கள்.

தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் எழுதும் தாள்களில், எழுத்து வரியை முந்தைய தாளிலிருந்து நகலெடுப்பது தடைசெய்யப்பட்டது. எல்.சி.யைச் சரிபார்க்கும் எழுத்தர், புரோஃபார்மாவோடு நிறுத்தாமல் ஒப்புதல் மின்னஞ்சலையும் உடன் வைத்துக்கொள்கிறார். அதற்காக மெர்ச்சண்டைசர் ஒவ்வொரு ஒப்புதலையும் அச்சிட்டுக் கோப்பில் சேர்க்கிறார்.

அடுத்த பருவத்துக்கு அதே வாங்குபவரிடமிருந்து மீண்டும் ஆர்டர் வந்தது. எல்.சி.யில் இம்முறை 39ஏ புலம் இருந்தது; தொகைக்கு 5 சதவீதம் இரு பக்கமும் அனுமதி. 45ஏ புலத்தில் எண்ணிக்கைக்கு அந்த அனுமதி எழுதப்படவில்லை. எழுத்தர் அன்றே திருத்தம் கேட்டு எழுதினார். திருத்தம் வந்துசேர 4 வேலைநாட்கள் ஆயின. அதுவரை நீல நூல் சாயப்பட்டறைக்குப் போகவில்லை.